பெரிய ஏற்றம், சின்ன ஏற்றம்

3-4-78, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. முதலமடையில் ஏப்ரல் இப்படித்தான். தோப்பில் கடைசிப் பறிப்பு. வாசலில் லாரி இரண்டு. பள்ளிக்கூடம் அடைத்தாகிவிட்டது; சும்மா இருக்க முடியவில்லை. வைக்கோல் பரப்பி மாங்காய் அடுக்கினேன். பால் பட்டு முழங்கை எரிகிறது.

பதினொரு மணிக்குத் தபால். கோயமுத்தூர் மலையேற்றச் சங்கத்திலிருந்து. கை கழுவாமலே பிரித்தேன், உறையெல்லாம் மாம்பால்.

இந்த வருஷம் இமயமலைக்கு இரண்டு குழு. மே மூன்றாம் வாரம் புறப்பாடு.

ஒன்று: பிண்டாரி பனியாறு. பன்னிரண்டாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல். வழிநெடுகத் தங்க பங்களா உண்டு. முதல் தடவை வருகிறவர்களுக்கு.

இரண்டு: ரூப்குண்டம் ஏரி. பதினாறாயிரம் அடி. கூடாரம். கடைசி இரண்டு நாள் பனி மேல் நடை. பழகியவர்களுக்கு மட்டும். பெண்களுக்கு இரண்டே இடம்.

கீழே டாக்டர் தன் கையால் எழுதியிருந்தார்: 'டீச்சருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் பதில்.' சங்கத்தின் தலைவர் அவர். தொழிலும் டாக்டர். எட்டு வருஷமாக அவருடைய குழுவோடு ஆனமுடி, மீசைப்புலிமலை என்று ஏறியிருக்கிறேன். மூணாறு எஸ்டேட்டில் பிறந்த கால். ஏற்றம் ஒரு பொருட்டில்லை. ஆனால் பனியை மிதித்ததில்லை. வயது முப்பத்தொன்பது. பெரிய ஏற்றம் மறுபடி எந்த வருஷமோ.

நா.மு. கடிதத்தை வாங்கி, நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். (என் வீட்டுக்காரர். பெயர் முழுவதும் எழுத இன்னும் கூச்சம். கல்யாணமாகி ஐந்து மாதம்.)

"ரண்டு பேருமே பெருசுக்குப் போயிரலாமுங்க, டீச்சர்" என்றார்.

அவருக்கு நாற்பத்தெட்டு. இதுவரை ஏறிய மலை பழனி. அதுவும் படி வழியாக.

சரிங்க என்றேன். வேறென்ன சொல்ல. ஐந்து மாதமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விருந்தாளி மாதிரிதான் இருக்கிறோம். கடைசித் தோசையை நீங்க, நீங்க என்று தள்ளித் தள்ளி அது ஆறிப்போகும்.

6-4-78, வியாழன்

காற்றே இல்லை.

நா.மு. பொள்ளாச்சி போய் கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார். இரண்டு ஜோடி. என் அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாசலில் கிடந்த செருப்பை நூல் வைத்து அளந்துகொண்டு போனாராம். சரியாக இருக்கிறது.

காலை ஐந்தரைக்கு அவருக்கு நடைப் பயிற்சி. முதுகில் நிலக்கடலை மூட்டை. வாய்க்கால் கரையில் போய்க் குளத்து மேட்டில் ஏறி இறங்குவது. தோப்பு ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி: "முதலாளி மூட்டைய எங்க கொண்டு போறாரு?" இன்னொருத்தி: "எங்கயும் இல்ல. திருப்பிக் கொண்டாந்துருவாரு."

வந்து உட்கார்ந்தபோது நெஞ்சுக்குள் மெல்லிசாக ஒரு விசில் சத்தம். கேட்டதற்குத் தூசிங்க என்றார். கம்பங்காடு முழுக்கத் தூசிதான். இருக்கலாம்.

வாங்க வேண்டியவை:
கம்பளிக் காலுறை 4
காதை மூடும் குல்லா 2
கறுப்புக் கண்ணாடி
டார்ச் செல்
வெடிப்புக்குக் களிம்பு
சுக்கு, கருப்பட்டி

பள்ளி திறக்கும் முதல் வாரம் லீவு வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கக் கொல்லங்கோடு போகணும்.

8-4-78, சனி

கோயமுத்தூர் போய் வந்தோம். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் அரை மணி நேரம் நின்றது பஸ். முன்னால் மாங்காய் லாரிகள். பக்கத்து சீட்டுக்காரம்மா எங்கே போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்தவளிடம், "மலைக்காமா. சாமி ஒண்ணும் இல்லையாம், சும்மா ஏறி எறங்கறதாம்." "டீச்சருக்கு ஏதாச்சும் வேண்டுதல் இருக்கும், வெளிய சொல்ல மாட்டாங்க."

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். டாக்டர் அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகெல்லாம் குழாயை வைத்துக் கேட்டார். சின்ன வயசில் மூச்சிழுப்பு உண்டா என்றார். இல்லை என்றார் நா.மு. பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, மழைக்காலத்தில் கொஞ்சம் என்றார்.

எனக்கு இது தெரியாது. கல்யாணம் மழைக்குப் பிறகு.

டாக்டர் கண்டிக்கவில்லை. பிண்டாரிக்கு இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், மாத்திரையோடு மெதுவாகப் போகலாம் என்றார். பெரிய ஏற்றத்துக்கு மட்டும், மூணாறு பக்கம் போய் இரண்டு நாள் ஏறிப் பாருங்கள், உடம்பே சொல்லிவிடும், அதை அப்படியே எழுதுங்கள் என்றார். வெளியே வரும்போது என்னிடம் தனியாக: நீங்கள் எழுதுவதை நம்பித்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

பஸ்ஸில் நா.மு. ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக் கொடுத்தார். வெயில் அந்தப் பக்கம் வந்ததும் மறுபடி மாறி உட்கார்ந்தார்.

10-4-78, திங்கள்

உடுமலை, மறையூர் வழியாக மூணாறு. காலையில் புறப்பட்டு மாலை நாலரை. ஏற ஏறக் குளிர். அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார். தேயிலையை முதன்முதலாகப் பார்க்கிறார். "இத்தன செடியையும் ஒரே மட்டமா எப்படிங்க வெட்டறாங்க?" என்று மூன்று தடவை கேட்டார். விவசாயிக்கு அதுதான் கண்ணில் படுகிறது.

தம்பி முருகன் வீட்டில் தங்கல். எஸ்டேட் பேக்டரியில் வேலை அவனுக்கு. கோழி அடித்திருந்தார்கள். அவன் மனைவி செல்வி, "மதினி, கல்யாணமாயி மெலிஞ்சிருக்கீகளே" என்றாள். நான் மெலியவில்லை. ஒப்புக்குச் சொல்வது.

திட்டம்: நாளை ஜீப்பில் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து இறங்கி வட்டவடை. செல்வியின் அண்ணன் குருசாமி வீடு அங்கே. மறுநாள் அங்கிருந்து வந்தரவு மலைக்கு ஏறி இறங்குவது. நல்ல ஏற்றம். டாக்டர் கேட்ட சோதனைக்குச் சரியாக இருக்கும்.

முருகன் என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டான். "எக்கா, நீ முன்னால முன்னால போயிராத. அத்தான் ஒன்னைய எட்டிப் பிடிக்கணும்னே நடப்பாரு. அது அவருக்கு ஆகாது."

சின்ன வயசில் அவனையே ஓடையில் விட்டுவிட்டு முன்னால் போனவள் நான். அவன் மறக்கவில்லை.

11-4-78, செவ்வாய்

மூடுபனி. ஒன்பது மணிக்கு விலகியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே வட்டவடை வயல்கள், படிக்கட்டு மாதிரி. பச்சை, மஞ்சள், செம்மண்.

இறக்கம்தானே, நன்றாகவே நடந்தார். குருசாமி வீட்டில் பூண்டு அறுவடை. வீடு முழுக்க அந்த வாசம், போர்வையில்கூட. நா.மு. வந்து பத்து நிமிஷத்தில் வயலில் இறங்கிவிட்டார். மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறார். குருசாமியும் அவரும் உரத்தைப் பற்றியே இரண்டு மணி நேரம். ஒருவர் கொங்குத் தமிழ், இன்னொருவர் மதுரைத் தமிழ், நடுநடுவே இரண்டு பேருக்கும் பொதுவாக மலையாளம்.

சாப்பாட்டில் கேரட் பொரியல். காட்டிலிருந்து நேரே வந்தது. தேங்காய் போடாமலே இனிப்பு.

நாளைக்கு எல்லாம் நன்றாக நடக்கும் என்று தோன்றுகிறது.

12-4-78, புதன்

மாலை ஐந்து. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆறரைக்குப் புறப்பட்டோம். ஆளுக்கொரு பை, பத்துப் பத்துக் கிலோ. நல்ல வானம். முதல் ஒரு மணி நேரம் சரியாக இருந்தது. முருகன் சொன்னபடி நான் பின்னால்தான் நடந்தேன்.

காடு முடிந்து புல் மேடு தொடங்கியதும் ஏற்றம் செங்குத்து. அவர் நடை மாறியது. பத்து எட்டு, ஒரு நிற்றல். நிற்கும்போது ஏதாவது காட்டுவார். அந்தப் பூ என்னங்க. அது எந்த ஊருங்க. நிற்பதற்குச் சாக்கு என்று புரிந்தது. பெயர் தெரியாததற்கெல்லாம் பெயர் வைத்துச் சொன்னேன், அவருக்கு நேரம் கிடைக்கட்டும் என்று.

பிறகு பூவைக் காட்டுவதும் நின்றது. விசில் சத்தம் எனக்கே கேட்டது, நாலு எட்டுப் பின்னாலிருந்து. உட்காருங்க என்றேன். தலையை ஆட்டினார். இன்னும் பத்து எட்டு வைத்தார். பிறகு தானாகவே உட்கார்ந்தார், கால் மடிந்த மாதிரி. உதடு நீலம். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் என்னைப் பயமுறுத்தியது.

முதுகை என் மேல் சாய்த்து வைத்து, பொத்தானை அவிழ்த்து, டாக்டர் தந்த மாத்திரையைக் கொடுத்தேன். இருபது நிமிஷம். அரை மணி. மூச்சு அடங்கியது. அவர் நெஞ்சு என் கைக்குள் ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பையையும் நானே எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினோம். பூண்டுக் காட்டில் ஓர் அம்மா வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். "ஐயாவுக்குப் பழக்கமில்ல போல" என்றாள். நா.மு. ஷூ கடித்துவிட்டது என்றார்.

ஷூ கடிக்கவில்லை. நான் கழற்றிப் பார்த்தேன்.

இப்போது தூங்குகிறார். மூச்சு ஒழுங்காக இருக்கிறது. விண்ணப்பத் தாளை எடுத்தேன். இரண்டு பேருக்கும் பிண்டாரி என்று எழுதிவிட்டேன். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. மடித்துப் பைக்குள் வைத்த பிறகு, கடிதத்தில் ரூப்குண்டம் பற்றிய வரிகளை மறுபடி படித்தேன். பனி எப்படி இருந்தாலும் பனிதான். சின்ன ஏற்றத்திலும் அது உண்டு.

13-4-78, வியாழன்

விடாமல் தூறல். எங்கும் போகவில்லை.

களிம்பு தேடி என் பையைத் திறந்தவர் கையில் அந்தத் தாள் கிடைத்தது. குருசாமி குடும்பம் வயலில். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஏனுங்க டீச்சர், ரண்டு பேருக்கும் சின்னதுன்னு எழுதியிருக்கீங்க."

ஆமாம், அது போதும் என்றேன்.

"யாருக்குங்க போதும்?"

போர்வையை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன். அவர் விடவில்லை. தான் மூணாறில் இன்னும் பத்து நாள் தங்கிப் பழகிக்கொள்வதாகச் சொன்னார். மேலே போனால் குளிரில் சரியாகிவிடும் என்றார். பூண்டைச் சுட்டுச் சாப்பிட்டால் போதுமாம், குருசாமி சொன்னாராம். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்களால முடியாது. நேத்து உங்க உதட்டை நான் பார்த்தேன். பதினாறாயிரம் அடியில அப்படி வந்தா நான் என்ன செய்வேன், சொல்லுங்க."

ஐந்து மாதத்தில் நான் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. குழம்பில் உப்புக் கூடினால்கூட யாரும் யாரிடமும் சொல்லாத வீடு அது.

"அப்ப நீ போ" என்றார். "எனக்காவ எதுக்கு நீ சின்னதுக்கு வர்ற? நாளைக்கு எம்மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் உனக்கு அந்த ஏரி ஞாபகம் வரும். அது எனக்கு வேண்டாம்."

தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. முட்டைக்கோஸ் வரப்பில் முதுகு காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். நனைந்தால் மறுபடி இழுக்குமே என்று குடையோடு பின்னால் போனேன். வாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் நனைந்துகொண்டே திரும்பி வந்தேன்.

முதல் தடவையாக 'நீ' என்றார். கோபத்தில்தான். அது எனக்குப் பிடித்திருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்கிறோம். சாப்பிட்டாரா என்று குருசாமி மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் சாப்பிட்டேனா என்று அவரும் அவளிடமே கேட்டிருக்கிறார். அவள் சிரிக்கிறாள்.

14-4-78, வெள்ளி

வெயில் வந்துவிட்டது. வருஷப் பிறப்பு. கீழே கோயிலில் மேளம். பாயசம். குருசாமி குடும்பம் கோயிலுக்குப் போய்விட, எங்களைப் பூண்டு கட்ட உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். பூண்டுத் தாளைத் திரித்துப் பின்னி முடிச்சுப் போட வேண்டும். அவர் விரல் நன்றாகப் போகிறது. என்னுடையது அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. அவிழ்ந்ததை எடுத்துக் கட்டித் தந்தார்.

பிறகு, பூண்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். லட்சுமியைப் பற்றி. எட்டு வருஷம் முன்னால் இறந்துபோன முதல் மனைவி. அவர் வாயால் அந்தப் பெயரை இன்றுதான் கேட்கிறேன்.

"அவள உள்ள கொண்டு போனாங்க. என்னைய வராண்டாவுல உக்காரச் சொன்னாங்க. மூணு நாள் உக்காந்திருந்தனுங்க. நாலா நாள் ஒரு நர்ஸம்மா வந்து சொல்லுச்சு. அதுக்கப்புறம் ஒருத்தருக்காவ உக்காந்து காத்திருக்கறதுன்னா என்னால ஆகறதில்லீங்க. நீங்க மேல போயிட்டு, நான் தோப்புல உக்காந்துட்டுத் தபால்காரனப் பாத்துட்டிருக்கோணும்னா... அதுக்குத்தான் நானும் வர்றேன்னது. மலை மேல எனக்கொண்ணும் ஆசை இல்லீங்க."

கையில் இருந்த பூண்டை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். வீம்பு என்று நினைத்திருந்தேன். ஆம்பிளை பின்தங்கக் கூடாது என்கிற வீம்பு. பத்து நாளாக, கடலை மூட்டையோடு அவர் ஏறி இறங்கிய ஒவ்வொரு மேட்டுக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில், கதவு திறந்திருக்க. இரண்டு பேர் கையிலும் பூண்டு வாசம்.

அப்புறம் சங்கத்துக் கடிதத்தை எடுத்து வரச் சொன்னார். முழுவதும் உரக்கப் படிக்கச் சொன்னார். இருபது தடவை படித்த கடிதம். ஆனால் நான் ஒவ்வொரு தடவையும் ரூப்குண்டத்தில்தான் போய் நின்றிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் பயண விவரம்: இரண்டு குழுவுக்கும் ஒரே ரயில். காத்கோதாமிலிருந்து ஒரே பஸ். பைஜ்நாத் என்ற ஊர் வரை சேர்ந்து போய், அங்கே சாலை பிரிகிறது. பிண்டாரிக்காரர்கள் வலது பக்கம். ரூப்குண்டத்துக்காரர்கள் இடது பக்கம். திரும்பவும் அதே பைஜ்நாத்தில் கூடுவது.

அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"நீங்க ஏறற அன்னைக்கு நானும் வேறொரு பக்கம் ஏறிட்டிருப்பனுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அது காத்திருக்கறதில்லீங்களே."

இல்லை என்றேன்.

மெதுவாகத்தான் போக வேண்டும், எங்கே முடியவில்லையோ அங்கே நின்றுவிட வேண்டும், எனக்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்றேன். நீங்களும் செய்யுங்க என்றார். செய்தேன்.

பழைய தாளைக் கிழித்துவிட்டு இரண்டு தாள் எழுதினோம். அவருடையதை அவரே எழுதினார். 'பிண்டாரி' என்பதில் மூன்று சுழி ணவா இரண்டு சுழி னவா என்று கேட்டார்.

16-4-78, ஞாயிறு

மூணாறு. தபால் ஆபீஸ் இன்று இல்லை. முருகன் நாளை போடுவான். டாக்டருக்கு நடந்ததை நடந்தபடி தனிக் கடிதம். உதட்டு நிறம் உட்பட. நா.மு. படித்துப் பார்த்து ஒன்றையும் அடிக்கவில்லை.

குருசாமி கொடுத்த விதைப் பூண்டு ஒரு கட்டு. முதலமடை வெயிலில் வராது என்று இவருக்கும் தெரியும். இருந்தாலும் வைத்துப் பார்க்கப் போகிறாராம்.

23-5-78, செவ்வாய்

காத்கோதாம். ஐந்து நாள் ரயில். தூசி, வெயில், டெல்லியில் தண்ணீருக்கு அலைச்சல். சின்ன ஸ்டேஷன், பின்னால் சட்டென்று மலை. நா.மு.வுக்கு ஹிந்தி தெரியாது, வெட்கமும் கிடையாது. தமிழிலேயே பேசி டீ, ரொட்டி, வெந்நீர் எல்லாம் வாங்கி வந்துவிடுகிறார். குழுவில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. டாக்டர் அவரை அண்ணா என்கிறார்.

விட்டுப்போனது: களிம்பு. கிடைத்தால் வாங்கலாம்.

25-5-78, வியாழன்

பைஜ்நாத். பழைய கற்கோயில், பக்கத்தில் ஆறு. வடக்கே முழுக்கப் பனி மலை, காலை வெளிச்சத்தில் ரோஜா நிறம். பெயரெல்லாம் டாக்டர் சொன்னார். ஒன்றும் மனசில் நிற்கவில்லை.

பிண்டாரிக்காரர்கள் பஸ் முதலில் புறப்பட்டது. ஏறும் முன் என் பை வாரை இழுத்துப் பார்த்து ஒரு துளை குறைத்துக் கட்டினார். மாத்திரை எந்தப் பையில் என்று கேட்டேன். தொட்டுக் காட்டினார். சுற்றிலும் ஆட்கள். பஸ் வலது பக்கம் திரும்பும்போது ஜன்னலில் குல்லா போட்ட ஒரு தலை. இந்த வெயிலுக்குள் எதற்குக் குல்லா.

எங்கள் பஸ் அரை மணி கழித்து. இடது பக்கம்.

27-5-78, சனி

வாண் என்று ஓர் ஊர். எனக்கு வான் என்றே கேட்கிறது. கல் ஓடு போட்ட வீடுகள். தேவதாரு மரம், நாலு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது. பசி நிறைய. கூடாரத்தில் என்னோடு கோவைக் கல்லூரி விரிவுரையாளர் கல்யாணி. காலில் கொப்புளம் அவருக்கு, நான் ஊசியால் குத்தி உடைத்துக் கட்டினேன்.

இன்று நா.மு. காத்தி என்ற ஊரில் இருக்க வேண்டும், அட்டவணைப்படி.

29-5-78, திங்கள்

பேதினி புல்வெளி. பதினோராயிரம் அடிக்கும் மேல். மரமே இல்லை. செம்மறி ஆடுகள். மத்தியானம் ஆலங்கட்டி மழை, கூடாரத்தில் கல்லெறிந்த மாதிரி.

கல்யாணிக்குத் தலைவலி, வாந்தி. நாளை இறங்குகிறார். ஆக, பெண்களில் நான் ஒருத்தி.

31-5-78, புதன்

பகுவாபாசா. குளிர். பேனா மை உறைந்துவிட்டது, பென்சிலில் எழுதுகிறேன். எனக்கும் இன்று மூச்சு வாங்கியது. பத்து எட்டு, ஒரு நிற்றல். அன்று அவருக்கு உடம்பு எப்படி இருந்திருக்கும் என்று இன்றுதான் உடம்பால் தெரிகிறது. நிற்கும்போதெல்லாம் காட்டுவதற்கு ஒரு பூவும் இல்லை இங்கே.

நாளை விடியும் முன் ஏரிக்கு.

1-6-78, வியாழன்

போய்வந்துவிட்டேன்.

எட்டே முக்காலுக்கு மேலே. பன்னிரண்டு பேரில் ஏழு பேர். கடைசிச் சரிவு பனிக்கோடரியால் படி வெட்டி வெட்டி. ஏரி பெரிதில்லை. எங்கள் குளத்தில் பாதிகூட இல்லை. முக்கால்வாசி உறைந்து, ஓர் ஓரத்தில் மட்டும் பச்சைத் தண்ணீர். பனி உருகிய இடத்தில் மனித எலும்புகள், எந்தக் காலத்தவர்களோ. டாக்டர் தொப்பியைக் கழற்றினார். எல்லோரும் கழற்றினோம்.

பெரிதாக ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன். கையுறையைக் கழற்றிப் பனியை அள்ளினேன். வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றா வேறெதுவா, தெரியவில்லை. பள்ளிக்கூடம் இன்று திறந்திருக்கும், பிள்ளைகள் அசெம்ப்ளியில் நிற்பார்கள் என்று மட்டும் நினைத்தேன்.

இருபது நிமிஷம். மேகம் வந்துவிட்டது. இறங்கினோம்.

முழங்கால் வலி. வேறொன்றும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறேன். எழுதி வைக்கிறேன்.

5-6-78, திங்கள்

பைஜ்நாத். மத்தியானம் இரண்டரை. லேசான மேகம்.

ஊருக்கு ஒரு மைல் முன்பே பஸ் நின்றது. சாலையோரத்தில் ஓர் ஆள் கையைக் காட்டியிருக்கிறார். மூக்குத் தோல் உரிந்து, முகமெல்லாம் கறுத்து, தாடியோடு. டிரைவர் ஹிந்தியில் என்னவோ திட்ட, இவர் தமிழில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏறினார். என் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்றார். சரியாக இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

அவர்கள் வந்து இரண்டு நாள் ஆகிறதாம். நாங்கள் இங்கே வந்து குளித்து, சாப்பிட்டதிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார். இவ்வளவு பேசுவார் என்று தெரியாது. சிவப்பாகப் பூத்த மரங்கள். தாக்குரியில் ஏறியதும் திடீரென்று எதிரே வெள்ளை. பாலம் இல்லாத ஓடையில் இரண்டு கழுதையைப் பிடித்துக்கொண்டு கடந்தது. அந்த ஊரில் உருளைக்கிழங்கை எப்படிப் பாத்தி கட்டுகிறார்கள் என்பது.

கடைசி நாள் அவர் பனியாற்றுக்குப் போகவில்லை. புர்க்கியா பங்களாவோடு நின்றுவிட்டார். காலையில் எழுந்ததும் நெஞ்சு சரியில்லையாம். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, பங்களா வாட்ச்மேனோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாராம். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு அவன் பாஷை தெரியாது. இரண்டு பேருமாக ஒரு மூட்டைப் பயறு உரித்திருக்கிறார்கள்.

"அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தனுங்க. அவங்க திரும்பி வார வரைக்கும்" என்றார். "ஒண்ணும் ஆகலீங்க எனக்கு."

இன்னும் ஒரு நாள் நடை மிச்சம் இருக்கிறதே, அடுத்த வருஷம் அதை முடித்துவிடலாமா என்று பிறகு கேட்டார். மலை மேல் ஆசை இல்லாத மனுஷர்.

நாளை காலை ஆறு மணி பஸ். துணியெல்லாம் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார், என்னுடையதையும் சேர்த்து. இப்போது இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஏரி எப்படி இருந்தது, முதல் நாளிலிருந்து சொல்லுங்க என்கிறார். நோட்டை மூடி வைக்கிறேன்.